எதற்கெடுத்தாலும் ‘கவனியுங்கள்’: யோகாவோடு சில வருடங்கள்

யோகாவும் மைண்ட்ஃபுல்னஸும் (உடம்பிலும் மனசிலும் அந்தந்த நொடி நடப்பதைக் கவனிக்கும் பயிற்சி) பழகினால் மனசு திடப்படுமா, சேரலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஒரு வரியில் பதில் போட நினைத்தேன், முடியவில்லை. எந்த ஆசனம் எதற்கு, சூரிய நமஸ்காரம் எத்தனை சுற்று என்பதெல்லாம் எங்கும் கிடைக்கும். சில வருடங்கள் பழகிய பிறகும் போகாத ஒரு எரிச்சலையும், நான் எதிர்பார்க்காத ஒரு நன்மையையும் மட்டும் சொல்கிறேன்.

எரிச்சல் இதுதான்: எதைக் கேட்டாலும் ‘கவனியுங்கள்’ என்கிறார்கள். கால் மரத்துப்போகிறதா, கவனியுங்கள். முட்டி வலிக்கிறதா, அந்த வலியைக் கவனியுங்கள். தூக்கம் வரவில்லையா, அதையும்! சம்மணம் போட்டு நெடுநேரம் உட்கார்ந்தால் கால் நரம்பு அழுந்தும், மரத்துப்போகும். அதற்கு வேண்டியது ஒரு போர்வை. மடித்துப் போட்டு, இடுப்பு முட்டியைவிடக் கொஞ்சம் உயரத்தில் இருக்கும்படி உட்கார்ந்தால் பாதித் தொல்லை போய்விடும். நாற்காலியில் உட்கார்ந்தும் தியானம் செய்யலாம், குற்றமில்லை. இதை எனக்குச் சொன்னவர் பயிற்சியாளர் அல்ல. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், நான் நெளிவதைப் பார்க்கச் சகிக்காமல் தன் போர்வையை மடித்து என் பக்கம் தள்ளினார்.

நியாயமாகப் பார்த்தால், ‘கவனியுங்கள்’ என்ற அறிவுரை ஒன்றும் வெறும் பேச்சல்ல. 1979-இல் ஜான் கபாட்-ஜின் என்பவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சியைத் தொடங்கியபோது, நாள்பட்ட வலியோடு போராடியவர்கள் பலர் அதற்கு வந்தார்கள். தீராத வலியோடு வாழ்ந்தாக வேண்டியவருக்கு, வலி வேறு, வலியை நினைத்து வரும் பயம் வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரிவது பெரிய விஷயம். என்னுடையதோ போர்வையில் தீர்கிற வலி! அலுவலகங்களிலும் இதே கதைதான். ஆளைக் குறைத்து, வேலையை இரட்டிப்பாக்கிவிட்டு, மத்தியானம் தியான வகுப்பு வைப்பார்கள். அங்கே கவனிக்க வேண்டியவர் யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

சரி, நன்மைக்கு வருகிறேன். விருட்சாசனம். ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலைத் தொடையில் பதித்துக் கைகளைக் கூப்பி நிற்பது, எளிதான ஆசனங்களில் ஒன்று. நிற்கும்போது பாதத்தைப் பாருங்கள். அது ஒரு நொடிகூடச் சும்மா இருக்காது. கணுக்காலின் உட்புறம் இறுகும், உடனே வெளிப்புறம் இறுகும், பெருவிரல் தரையைப் பற்றும், விடும். கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்து, ஒவ்வொரு முறையும் திரும்பி வருவதைத்தான் நாம் நிற்பது என்கிறோம். கண்ணை மூடினால் ஆட்டம் அதிகமாகும், பார்வையும் சேர்ந்துதான் சமநிலையைத் தாங்குகிறது. எனக்குப் பிடித்தது வேறு. ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று சாதிக்கிற நாளில் கால் கடகடவென்று ஆடும். என் மனநிலை எனக்குத் தெரிவதற்கு முன்பே கணுக்காலுக்குத் தெரிந்துவிடுகிறது. அன்றைக்கு முக்கியமான போன் எதையும் எடுப்பதில்லை.

மூச்சுப் பயிற்சியும் வேலை செய்கிறது, நம்பிக்கைகூடத் தேவையில்லை. மூச்சை இழுக்கும்போது இதயத்துடிப்பு சற்று வேகமெடுக்கும், விடும்போது தணியும். நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட்டால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு. யாராவது வாய்க்கு வந்தபடி பேசும்போதும் செய்யலாம், எதிரில் இருப்பவருக்குத் தெரியாது. கோபம் இப்போதும் வருகிறது, ஆனால் ராத்திரி படுக்கைவரை கூட வருவதில்லை. மனசு திடப்பட்டதா என்றால், எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான்.

ஆய்வுகளும் இப்படித்தான் இரண்டு பக்கமும் பேசுகின்றன. 2022-இல் வெளியான ஒன்றில், பதற்றக் கோளாறு உள்ள 276 பேரைப் பிரித்துப் பார்த்ததில், எட்டு வார மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சி, பதற்றத்துக்குத் தரும் எஸ்சிடலோப்ராம் மாத்திரைக்குக் குறையாத பலன் தந்தது. (அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.) அதே வருடம் பிரிட்டனில், 8,000-க்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளை வைத்துச் செய்ததில், வழக்கமான பாடத்தைவிட மைண்ட்ஃபுல்னஸ் வகுப்பு கூடுதலாக எதுவும் தரவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பழகவே இல்லையாம். எனக்கும் ஒரு வாரம் விட்டால் போதும், பழைய ஆள் திரும்பி வந்துவிடுவான்.

ஆகவே நண்பருக்கு: இன்றைய மனநிலையில் கேட்டால் சேராதே என்பேன். மீறிச் சேர்வதானால், முட்டி வலித்தால் என்ன செய்வது என்று முதல் நாளே பயிற்சியாளரிடம் கேள். ‘கவனியுங்கள்’ என்றால் வேறு இடம் பார். நான் மட்டும் அதே வகுப்புக்குத்தான் இன்னும் போகிறேன், நேரம் ஒத்துவருகிறது. போர்வை என்னுடையது.