இலவச ஓதப் பரிசோதனையா? மீட்டர் கத்துவதை நம்பிச் சுவரில் துளை போட விடாதீர்கள்

சுவர் அடியில் ஓதம் என்று நீங்கள் விசாரிக்கப் போய், "இலவசமாக வந்து பார்த்துச் சொல்கிறோம்" என்று ஒருவர் சின்ன மீட்டர் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறாரா? அவருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் வேலை பார்த்த நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது. பெயர் தெரிந்தும் பெரிய பயன் இல்லை, ரசீதில் ஒரு பெயர், கேரண்டி அட்டையில் வேறொரு பெயர். அவர்கள் வேலை செய்கிற விதத்தைத் தெரிந்துகொள்வதுதான் உதவும்.

பெயிண்ட் அடிப்பது, பட்டி பார்ப்பது, டைல்ஸ் இடுக்கை அடைப்பது, குழாய்க்கு வாஷர் மாற்றுவது எல்லாம் எங்கள் வீட்டில் நாங்களே செய்துகொள்கிற வேலைகள். அதில் மிச்சமாகிற பணம் கொஞ்சநஞ்சமல்ல. படுக்கையறைச் சுவர் விஷயம் மட்டும் வேறு மாதிரி. குளியலறையை ஒட்டிய சுவர் அது. தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை பெயிண்ட் கொப்பளித்திருந்தது. கொப்புளத்தை விரலால் அழுத்தினால் உள்ளே மணல்போல நெறுநெறுக்கும், உரித்தால் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டிக்கொண்டதுபோல உப்பு பூத்திருக்கும். சுரண்டிப் பட்டி வைத்தால் அடுத்த சில வாரங்களில் அதே இடம் மறுபடி கிளம்பும். சுவருக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தவரைக் கூப்பிடலாம் என்று முடிவு செய்தோம்.

வந்தவர் நல்ல மரியாதையாகப் பேசினார். செருப்பை வெளியே விட்டார், தரையில் விரிக்கத் துணிகூடக் கொண்டுவந்திருந்தார். இரண்டு ஊசி நீட்டிக்கொண்டிருக்கும் மீட்டரை எடுத்துக் கொப்பளித்த இடத்தில் குத்தினார். சிவப்பு விளக்கு எரிந்து அது கத்தியது. ஒரு முழம் தள்ளிக் குத்தினார், அங்கேயும் கத்தியது. "மேடம், சுவர் முழுக்கத் தண்ணீர் குடித்திருக்கிறது. நிலத்திலிருந்து ஏறுகிற ஓதம் இது. இப்படியே விட்டால் சுவர் தாங்காது." நீள நெடுகத் துளை போட்டு ரசாயனம் ஏற்றி, மேலே வாட்டர் ப்ரூஃப் கோட்டிங் கொடுத்துப் பட்டி பார்த்து முடித்துவிடலாம், 10 ஆண்டு கேரண்டி என்றார். இந்த வாரமே சொன்னால் தள்ளுபடி உண்டாம். குளியலறைப் பக்கம் ஒருமுறைகூடப் போய்ப் பார்க்கவில்லை.

அந்த மீட்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது தச்சர்கள் மரத்தின் ஈரம் பார்க்க வைத்திருக்கிற கருவி. இரண்டு ஊசிக்கும் நடுவே மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் போகிறது என்பதைத்தான் அது அளக்கிறது. அதன் சதவீதக் கணக்கு மரத்துக்காகப் போட்டது, செங்கலுக்கோ சிமெண்ட் பூச்சுக்கோ பொருந்தாது. உப்பு பூத்த சுவரில் லேசான ஈரம் இருந்தாலே மின்சாரம் தாராளமாகப் பாயும், மீட்டர் உச்சத்தைக் காட்டும். பூச்சுக்குள் கம்பி வலை இருந்தாலும் அப்படித்தான். நம்பிக்கை இல்லையென்றால் காய்ந்த அலுமினியத் தாள் மேல் இரண்டு ஊசியையும் வைத்துப் பாருங்கள், ஒரு சொட்டு ஈரம் இல்லாமலேயே கத்தும். நான் தெரிந்த தச்சர் ஒருவரிடம் இரவல் வாங்கிச் செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். மீட்டர் முழுப் பொய் என்று சொல்ல வரவில்லை. சுவரில் எந்த இடம் அதிக ஈரம், எந்த இடம் குறைவு என்று ஒப்பிட்டுப் பார்க்க உதவும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அது சொல்லாது. அதைச் சொல்வதுபோல நடிப்பதில்தான் வியாபாரமே நடக்கிறது.

வேலைக்கு வந்த பையன்கள் அரை நாளில் முடித்துவிட்டார்கள். தூசி வரும் என்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்கள், சாத்திய கதவுக்கு உள்ளே துளைபோடும் சத்தம் கேட்டது. திறந்தபோது அடிப்பகுதியில் வரிசையாகச் சிமெண்ட் அடைத்த வட்டங்கள், அதற்கு மேல் இடுப்பு உயரத்துக்கு வழவழப்பான வெள்ளைப் பூச்சு. பார்க்க அழகாகத்தான் இருந்தது. மழைக்காலம் வரும்வரைகூட அது தாங்கவில்லை. முதலில் பூச்சு முடிகிற விளிம்புக்கு மேலே, அதுவரை நன்றாக இருந்த பெயிண்ட் கொப்பளித்தது. பிறகு பூச்சே தகடு தகடாகக் கழன்று வந்தது, பின்பக்கம் முழுக்க உப்பு.

காரணம் சாதாரணமானது. சுவருக்குள் இருக்கும் ஈரம் ஏதாவது ஒரு முகம் வழியாகக் காற்றில் போயாக வேண்டும். தண்ணீர் வரும் வழியை அடைக்காமல் முகத்தில் பிளாஸ்டிக் மாதிரிப் பூச்சைப் பூசினால், ஈரம் பூச்சு இல்லாத இடம் வரை ஏறி அங்கே வெளியேறும். ஈரத்தில் கரைந்திருக்கும் உப்பு, பூச்சுக்குப் பின்னால் படிகமாகும்போது பூச்சைத் தள்ளிக் கழற்றிவிடும். ஜிப்சம் பட்டி என்றால் இன்னும் மோசம், ஈரம் பட்டதும் இளகிவிடும்.

போன் செய்தோம். "சுவர் காய நேரம் எடுக்கும் மேடம்" என்றார்கள். மறுபடி செய்தோம். யாரோ வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அப்புறம்தான் கேரண்டி அட்டையின் பின்பக்கத்துப் பொடி எழுத்துகள் வெளியே வந்தன. குழாய்க் கசிவால் வரும் ஈரத்துக்குக் கேரண்டி செல்லாது. வாடிக்கையாளர் தாமே சுவரைச் சுரண்டினாலோ ஆணி அடித்தாலோ பெயிண்ட் அடித்தாலோ செல்லாது. கழன்று தொங்கிய தகட்டை எடுத்துப் போட்டது "சுரண்டியது" கணக்கில் வந்துவிட்டதாம்! நம்மைப்போலச் சொந்தமாக வேலை செய்துகொள்கிற வீடுகளுக்கு இந்த நிபந்தனை ஒரு பொறி. அலமாரிக்கு ஒரு ஆணி அடித்தால் போதும், 10 ஆண்டும் அந்த நிமிடமே காலி.

கேரண்டி எப்படியும் செத்துவிட்டது, இனி சுவர் நம்முடையது என்று அடைத்திருந்த சிமெண்ட்டைக் குத்தி எடுத்தேன். உடைந்த குடையின் கம்பி ஒன்றைத் துளைக்குள் விட்டுப் பார்த்தேன். இரண்டு விரல் அகலம்கூடப் போகவில்லை. அடுத்த துளை, அதற்கடுத்தது, எல்லாம் அதே கதை. பூச்சைத் தாண்டிச் செங்கலைத் தொட்டதும் நிறுத்தியிருக்கிறார்கள். ரசாயனம் ஏற்றும் வேலை முறையாகச் செய்தால் எப்படி இருக்கும் தெரியுமா? செங்கல் வரிகளுக்கு நடுவே இருக்கும் கலவை வரியில், ஏறத்தாழ 12 சென்டிமீட்டருக்கு ஒன்றாகத் துளை போட வேண்டும். 9 அங்குலச் சுவர் என்றால் 7 அங்குலத்துக்கு மேல் உள்ளே போக வேண்டும். உப்பு ஏறிய பழைய பூச்சை 1 மீட்டர் உயரத்துக்குக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். எங்கள் சுவரில் துளைகள் ஒரு முழத்துக்கு ஒன்று, அதுவும் செங்கலின் நட்டநடுவில். பழைய பூச்சைத் தொடவே இல்லை. அளவுகோலைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு துளையையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

இதில் பெரிய கொடுமை, சரியாகவே துளைத்திருந்தாலும் பயன் இருந்திருக்காது. எங்கள் வீட்டு ஓதம் நிலத்திலிருந்து ஏறியதே இல்லை.

நிலத்திலிருந்து ஏறும் ஓதம் சுவரின் நீளம் முழுக்கப் படுக்கைவாட்டில் கோடு கட்டும். பெரும்பாலும் 1 மீட்டர் உயரத்தோடு நின்றுவிடும். கோட்டிங் எல்லாம் கழன்ற பிறகு தள்ளி நின்று பார்த்தால் எங்கள் சுவரில் கறை நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் சரிந்திருந்தது. அந்த உச்சிக்கு நேர் பின்னால் குளியலறையில் ஷவர். அங்கிருந்துதான் தேட ஆரம்பித்தோம்.

முதலில் பாலிதீன் தாள். ஓரடி சதுரமாக வெட்டிச் சுவரில் நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, இரண்டு நாள் விட்டோம். தாளின் அறைப்பக்கம் நீர் கோத்திருந்தால் அறைக் காற்றின் ஈரம் சுவரில் படிகிறது, ஜன்னலைத் திறந்து வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். சுவர்ப்பக்கம் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. எங்களுக்குச் சுவர்ப்பக்கம்.

அடுத்து தண்ணீர் மீட்டர். இரவு எல்லாக் குழாயையும் மூடி மீட்டரைப் படம் எடுத்து, காலையில் யாரும் குழாயைத் திறப்பதற்கு முன் மறுபடி பார்த்தோம். எண் நகரவில்லை. அப்படியென்றால் எந்நேரமும் தண்ணீர் நிற்கும் குழாய்களில் கசிவு இல்லை. பயன்படுத்தும்போது மட்டும் தண்ணீர் போகிற இடம்தான் மிச்சம்: குளியலறைத் தரை, வடிகால், ஷவருக்கு மேலே ஏறும் குழாய். மீட்டர் நகரவில்லை என்றதும் "குழாய் நன்றாக இருக்கிறது" என்று பலர் தேடலை நிறுத்திவிடுவார்கள். ஷவர்க் குழாய் அந்தச் சோதனையில் மாட்டவே மாட்டாது. அதற்குத் தண்ணீர் போவதே திருகைத் திறந்த பிறகுதான்.

வடிகாலைத் துணி சுற்றி அடைத்துத் தரையில் தண்ணீர் தேக்கி 24 மணி நேரம் விட்டோம். நீர்மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்துக்கொண்டோம். மட்டமும் இறங்கவில்லை, படுக்கையறைப் பக்கம் ஈரமும் கூடவில்லை. அடைப்பை எடுத்துவிட்டதும் தேங்கிய தண்ணீர் முழுக்க வடிகால் வழியாகத்தான் போனது, அப்போதும் சுவர் அப்படியே இருந்தது. ஆக, ஷவர்தான். சில நாள் எல்லோரும் வாளியில் குளித்தோம். கறையின் ஓரம் வெளுக்கத் தொடங்கியது. மறுபடி ஷவரைத் திறந்தோம், கறை கறுத்தது.

ஷவரின் கை சுவருக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் வட்டத் தட்டை நகர்த்தி டார்ச் அடித்துப் பார்த்தால், திருகு மரையில் சுற்றியிருந்த டேப் பிய்ந்து தொங்கியது. குளிக்கும்போதெல்லாம் அங்கிருந்து கசிந்த தண்ணீர் சுவருக்குள்ளேயே குழாயை ஒட்டிக் கீழே இறங்கி, அடியில் தேங்கி, படுக்கையறைப் பக்கம் வெளிப்பட்டிருக்கிறது. பார்க்கிறவருக்குத் தரையிலிருந்து ஏறுவதுபோலத்தான் தெரியும். கையைக் கழற்றி, மரையைத் துடைத்து, டெஃப்லான் டேப்பை மரை இறுகும் திசையிலேயே சுற்றி மறுபடி மாட்டினோம். ஒரு சுருள் டேப், ஒரு ஸ்பேனர். வேலை அவ்வளவுதான்.

சுவர் காய்வதற்குத்தான் பொறுமை வேண்டும். 1 அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்று கொத்தனார்கள் தோராயமாகச் சொல்வார்கள். மின்விசிறியும் திறந்த ஜன்னலும் கொஞ்சம் துரிதப்படுத்தும். பூச்சைக் கொத்தி எடுத்தபின் உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் மட்டும் தேய்த்து அள்ளி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பவும் செங்கலுக்குள் போய்விடும். புது சிமெண்ட் பூச்சுக்கு 28 நாளாவது விட்டு அப்புறம் பிரைமர். அவசரமாக அடிக்கச் சொல்கிறவர், சுவரின் மேல் அக்கறையால் அப்படிச் சொல்வதில்லை.

இப்போது யாராவது வந்து மீட்டரைக் குத்தினால், அதே மீட்டரை வெளிச்சுவரோ குளியலறையோ தொடாத ஒரு நல்ல உட்சுவரிலும் குத்தச் சொல்லுங்கள். கறைக்குப் பின்பக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்தாரா என்று கேளுங்கள். துளையின் ஆழம், இடைவெளி, பழைய பூச்சை எடுப்பார்களா என்பதை மதிப்பீட்டுத் தாளில் எழுதி வாங்குங்கள், எழுதத் தயங்கினால் அங்கேயே அனுப்பிவிடலாம். கேரண்டி அட்டையின் பின்பக்கத்தைப் பணம் கொடுப்பதற்கு முன் படிக்கக் கேளுங்கள், அட்டையிலும் ரசீதிலும் ஒரே பெயர், ஒரே முகவரியா என்று ஒப்பிடுங்கள். வேலை நடக்கும்போது கதவைச் சாத்த விடாதீர்கள். தூசி பரவாயில்லை, துடைத்துக்கொள்ளலாம். துளை போட்டதும் அடைப்பதற்கு முன் ஒரு கம்பியை விட்டு நீங்களே அளந்து பாருங்கள். கடைசித் தவணையைக் குறைந்தது ஒரு மழைக்காலம் தள்ளி வையுங்கள். ஒப்புக்கொள்ள மாட்டார்கள்தான். என்ன காரணம் சொல்லி மறுக்கிறார்கள் என்று கேட்டு வைப்பதும் நல்லது.

ஏற்கெனவே துளை போட்டுவிட்டுப் போயிருந்தால், எதையும் சரிசெய்வதற்கு முன் கறை, துளை, கழன்ற பூச்சு எல்லாவற்றையும் தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். போனில் பேசியதை அன்றைக்கே ஒரு செய்தியாக அவர்களுக்கே எழுதி அனுப்பிவிடுங்கள், பின்னால் "அப்படிச் சொல்லவே இல்லை" என்று சொல்ல முடியாது. பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதிய எங்கள் கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. குடைக் கம்பி படங்களோடு நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறோம். ஏதாவது நகர்ந்தால் எழுதுகிறேன்.