தேக்கு என்று விற்றார்கள், வந்தது ரப்பர் மரம்: டிசைனர் கடையில் மேசை நாற்காலி வாங்குபவர்களுக்கு

புது வீட்டுக்கு டைனிங் டேபிள், நாற்காலி என்று தேடிக்கொண்டிருப்பவர்கள் அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நான் சொல்லப்போவது சென்னையில் உள்ள ஒரு சின்ன டிசைன் கடையைப் பற்றி. சங்கிலிக் கடை இல்லை, ஒரே உரிமையாளர், அவரே வரைந்து அவரே செய்து தருவதாகச் சொல்கிற இடம். விவகாரம் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் பெயரைப் போடவில்லை. இதே மாதிரிப் பேசி விற்கிற கடைக்கு நாளை நீங்களும் போகலாம். அவர்கள் எப்படி விற்றார்கள் என்பது தெரிந்தால் போதும்.

நாங்கள் கேட்டது ஒரு மேசையும் ஆறு சண்டிகர் நாற்காலிகளும். 1950களில் சண்டிகர் நகரம் உருவானபோது அரசு அலுவலகங்களுக்காக சுவிஸ் கட்டடக் கலைஞர் பியர் ஜானரே வடிவமைத்தவை அவை. கவிழ்த்துப் போட்ட 'வி' மாதிரி கால், உட்காரும் இடத்திலும் முதுகிலும் பிரம்புப் பின்னல். அசல் நாற்காலிகள் வெளிநாட்டு ஏலங்களில் லட்சக்கணக்கில் போகின்றன. நம் ஊர்க் கடைகளில் கிடைப்பவை எல்லாம் அதைப் பார்த்துச் செய்தவை. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நல்ல தேக்கில், நல்ல பின்னலோடு செய்தால் ஐம்பது வருஷம் உழைக்கிற வடிவம் அது.

ஷோரூமில் வைத்திருந்த மாதிரி உண்மையிலேயே தேக்கு. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் மோசடியின் அச்சாணியே அதுதான். நீங்கள் தடவிப் பார்ப்பது ஒன்று, உங்கள் வீட்டுக்கு வருவது வேறு ஒன்று. நடுவில் "ஆர்டரின் பேரில் செய்து தருகிறோம்" என்ற சில வார இடைவெளி. 70 சதவீதம் முன்பணம். மொத்தம் 1,86,000 ரூபாய்.

பில் போடும்போது, "சாலிட் தேக்கு என்று எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டேன். "சாஃப்ட்வேர்ல அது வராது மேடம், எச்.எஸ்.என் கோடுதான் வரும்" என்றார் உரிமையாளர். பில்லில் பொருள் வகைக்கான அந்த வரி எண்ணும், மரச் சாமான் என்ற சொல்லும் மட்டும் இருந்தன. அந்த எண் தேக்குக்கும் ஒன்றுதான், ரப்பர் மரத்துக்கும் ஒன்றுதான். பொருள் விவர வரியில் மர வகையைத் தட்டச்சு செய்வதை எந்த சாஃப்ட்வேரும் தடுக்காது. நான் விடவில்லை. வாட்ஸ்அப்பில் கேட்டேன். "மேசை, நாற்காலி எல்லாம் சாலிட் தேக்கு, பின்னல் கையால் போட்டது" என்று பதில் வந்தது. இன்று என் கையில் இருக்கும் முக்கியமான சான்று அந்த ஒரு வரிதான்.

சாமான் வந்து முதல் மழைக்காலத்திலேயே மேசையின் ஓரம் உப்ப ஆரம்பித்தது. தண்ணீர் டம்ளர் வைத்த இடத்தில் மேல்தோல் லேசாக எழும்பியது. நாற்காலிக் காலடியில் தினமும் மாவு போல ஒரு பொடி. பெருக்கினால் மறுநாளும் இருக்கும்.

எங்கள் தெருவில் வேலை செய்கிற ஆசாரியைக் கூப்பிட்டேன். அவர் மேசையின் மேல்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நேராகக் கீழே குனிந்தார். கால் பொருத்துகிற திருகு ஒன்றைக் கழற்றி, அந்த ஓட்டைக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். உள்ளே ரேகை என்று ஒன்றுமே இல்லை. அட்டை மாதிரி ஒரே பழுப்பு. "எம்.டி.எஃப்மா. மேல தேக்கு வெனீர் ஒட்டிருக்காங்க" என்றார். மரநாரைப் பசை போட்டு அழுத்திய பலகை, அதன்மேல் அரை மில்லிமீட்டர் அளவில் தேக்குச் சீவல். அப்புறம் ஒரு நாற்காலியைக் கவிழ்த்தார். காலின் அடிமுனையில் நகத்தால் சுரண்டினால் பாலிஷுக்குக் கீழே வெளிர் மஞ்சள் மரம். தேக்காக இருந்தால் வெட்டு முகத்தில் வளையங்கள் வரிசைத் துளைகளாகத் தெரியும், இழைத்தால் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு வாசனை வரும். இரண்டும் இல்லை. காலில் குண்டூசி நுழைகிற அளவுக்குச் சின்னச் சின்னத் துளைகள். "ரப்பர் மரம். மருந்து ஏத்தாம செஞ்சிருக்காங்க, வண்டு உள்ள இருக்கு."

ரப்பர் மரத்தைக் குறை சொல்லவில்லை. பால் வடிப்பு ஓய்ந்த தோட்டத்து மரங்களை வெட்டி, போரான் மருந்து ஏற்றி, சூளையில் உலர்த்திச் செய்தால் அது நல்ல சாமான். மரத்தில் மாவுச்சத்து அதிகம் என்பதால் மருந்து ஏற்றாவிட்டால் வண்டு விடாது. எம்.டி.எஃப்பும் அதற்கான இடத்தில் சரிதான். தேக்கு விலை வாங்கிக்கொண்டு இதைக் கொடுப்பதற்கு ஒரே பெயர்தான் இருக்கிறது: ஏமாற்று.

கனத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். "தூக்கிப் பாருங்க மேடம், தேக்குன்னா இப்படித்தான் கனக்கும்" என்று டெலிவரிக்கு வந்தவர்கள் சொன்னார்கள். எம்.டி.எஃப் தேக்குக்குச் சமமான கனம், பல சமயம் அதைவிட அதிகம். பார்க்க வேண்டியது ரேகையை. பலகையின் மேல்பக்கம் ஓடுகிற ரேகை விளிம்பில் மடங்கித் தொடர வேண்டும். விளிம்பில் தனியாக ஒரு பட்டை ஒட்டியிருந்தால், உள்ளே இருப்பதை மறைக்கத்தான் அது.

பிரம்பிலும் இதே கதை. கையால் பின்னியதென்றால் சட்டத்தைச் சுற்றிலும் துளைகள் இருக்கும், இழைகள் அவற்றுக்குள் நுழைந்து வரும். எனக்கு வந்தவற்றில் துளையே இல்லை. மெஷினில் நெய்த ஷீட்டை வெட்டி, பள்ளத்தில் பசை தடவி அழுத்தி, மேலே ஒரு பட்டி அடித்திருந்தார்கள். ஒரு நாற்காலியில் அது ஏற்கெனவே தொட்டில் மாதிரி தொங்கிவிட்டது.

உரிமையாளரிடம் படங்களை அனுப்பினேன். முதலில் "மேல இருக்கிறது தேக்குதானே மேடம்" என்றார். அப்புறம் "ஆர்டர் கொடுத்துச் செய்த பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது, பில்லின் பின்பக்கம் இருக்கு" என்றார். அதற்குப் பிறகு பதிலே இல்லை. வயதான என் அப்பா உட்காருகிற நாற்காலியின் காலை வண்டு தின்றுகொண்டிருக்கிறது என்று எழுதியதற்கும் பதில் இல்லை. எனக்கு ஆத்திரம் வந்தது அந்த மௌனத்தில்தான்.

பில்லின் பின்பக்கம் என்ன அச்சடித்திருந்தாலும் பயப்படாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிக நடவடிக்கை. பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாள் என்று சட்டமே வைத்திருக்கிறது. ஒன்றைச் சொல்லி வேறொன்றை விற்பதும் அதே வகைதான். 1915 என்ற தேசிய உதவி எண்ணில் முதலில் பதிவு செய்தேன். அவர்கள் கடைக்குப் புகாரை அனுப்பி சமரசம் பேசுவார்கள், கட்டாயப்படுத்த முடியாது. கடை மசியாததால், நுகர்வோர் புகார்களுக்கான அரசு இணையதளமான இ-ஜாக்ரிதி வழியாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டேன். 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. கடை எங்கே இருந்தாலும் நீங்கள் வசிக்கிற மாவட்டத்திலேயே போடலாம். இரண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும். மரத்தைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லவும் கேட்டிருக்கிறேன். ஆணையத்துக்கு அந்த அதிகாரம் உண்டு. பெங்களூரில் உள்ள மர அறிவியல் நிறுவனத்தில் ஒரு துண்டைக் கொடுத்தால் என்ன மரம் என்று எழுத்தில் தருவார்கள். கடைக்காரர் "ஆசாரிக்கு என்ன தெரியும்" என்று வாதாட அப்போது இடமில்லை.

நோட்டீஸ் கிடைத்த 30 நாளுக்குள் எதிர்த்தரப்பு பதில் தாக்கல் செய்ய வேண்டும், மிஞ்சினால் இன்னும் 15 நாள். அந்தக் கெடு இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. உத்தரவு வந்ததும் எழுதுகிறேன். அதற்குள் இந்த மாதிரிக் கடையில் முன்பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பவர்கள், மர வகையை இன்றே வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்கிவிடுங்கள். சாமான் இறங்குகிற அன்றைக்கு ஓர் ஆசாரியை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் கவிழ்த்துப் பார்த்துச் சரி என்ற பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.