வசந்தம் முழுக்கப் பறவைக் கூடுகளை லைவில் பார்ப்பது: பல வருட அனுபவம்

காட்டுப் பறவைகளின் கூடுகளை நேரலையில் பார்ப்பது பல வருடங்களாக எனக்கு வழக்கம். புதிதாக ஆரம்பிப்பவர்கள் முதலில் கேட்பது, எந்தக் கேமரா நல்லது என்பதுதான். என் பதில்: எதுவானாலும் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், காலிக் கூட்டிலிருந்து கடைசிக் குஞ்சு பறக்கும் வரை அதிலேயே இருங்கள். பத்துக் கூடுகளுக்குத் தாவித் தாவிப் போனால் எங்கே பார்த்தாலும் ஒரு பறவை சும்மா உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். ஒரே கூட்டில் தங்கினால்தான் அது எப்போது எழும், எழுந்தால் அடுத்து யார் வந்து உட்காரும், எந்தக் குரலுக்குத் தலையைத் தூக்கும் என்பதெல்லாம் பிடிபடும்.

வசந்தம் என்று சொன்னாலும் இந்தப் பருவம் ரொம்ப நீளம். கலிஃபோர்னியாவின் பிக் பேர் பள்ளத்தாக்கில் ஜாக்கி, ஷேடோ என்ற வெண்தலைக் கழுகு ஜோடி ஜனவரியில், பனி கொட்டும்போதே முட்டையிட்டுவிடும். மார்ச்சில் பெரிக்ரின் வல்லூறுகள். அதே சமயத்தில் ஐரோப்பாவின் செங்கால் நாரைகள் பழைய கூட்டுக்குத் திரும்ப ஆரம்பிக்கும். அப்புறம் ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்த விராலடிப்பான்கள் (மீன் பிடித்துத் தின்னும் வேட்டைப் பறவைகள்) ஸ்காட்லாந்துக்கு வந்து சேரும். எல்லாம் பறந்து முடிய ஜூலை, ஆகஸ்ட் ஆகிவிடும். நெதர்லாந்தின் பறவைப் பாதுகாப்பு அமைப்பு 2007 முதல் ஒவ்வொரு வசந்தத்திலும் பல இனங்களின் கூடுகளை ஒரே இடத்தில் காட்டிவருகிறது. எந்த இனம் உங்களுக்குப் பிடிக்கிறது என்று தெரிந்துகொள்ள அது நல்ல வாசல்.

பலர் அலுப்பு என்று நினைத்து விட்டுவிடும் அடைகாக்கும் காலம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கழுகுக்கு ஏறக்குறைய 5 வாரம், சற்றுக் கூடவும் ஆகலாம். ஒன்றுமே நடக்கவில்லை என்று தோன்றும் அந்த நாட்களில்தான் எவ்வளவு வேலை! வேட்டைக்குப் பழகிய நகங்களை முஷ்டி மாதிரி மடக்கிக்கொண்டு முட்டைகளுக்கு நடுவே நடக்கும். அலகால் முட்டையை உருட்டித் திருப்பும். உட்காருவதற்கு முன் உடம்பை இரண்டு பக்கமும் அசைத்து, வயிற்றில் இறகில்லாத வெதுவெதுப்பான தோல் முட்டையில் படும்படி அமரும். ஆண் வந்து நின்றாலும் பெண் எழ மறுக்கும். ஆண் அலகால் மெதுவாகத் தள்ளிப் பார்க்கும். இரண்டு நிமிடக் காணொளித் துண்டுகளில் இதெல்லாம் வருவதில்லை. துண்டுகளை மட்டும் பார்ப்பவர்களுக்குக் கூடு என்றால் இரை ஊட்டலும் சண்டையும்தான்.

பொரியும் நாட்களில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். முட்டையில் முதல் கீறல் விழுந்த பிறகு குஞ்சு முழுதாக வெளிவர ஒரு நாளுக்கு மேலேகூட ஆகும். கீறலைப் பார்த்ததும் திரை முன்னால் குந்தியிருக்க வேண்டியதில்லை. யூடியூப் நேரலையை வழக்கமாக 12 மணி நேரம் வரை பின்னோக்கி ஓட்டலாம். காலையில் எழுந்ததும் இரவை வேகமாகப் புரட்டிப் பார்ப்பதே என் பழக்கம். இரவுக் காட்சி கறுப்பு வெள்ளையில், அகச்சிவப்பு வெளிச்சத்தில் வரும். அது பறவைகளின் கண்ணுக்குத் தெரியாது. படத்தின் தரத்தைக் குறைத்தாலும் ஒலியை மட்டும் அணைக்காதீர்கள். இணை பறந்து வருவது திரையில் தெரிவதற்கு முன்பே, கூட்டில் இருப்பது குரல் கொடுத்துவிடும். நாரைகளுக்குக் குரல் என்று பெரிதாகக் கிடையாது, அலகைத் தட்டித் தட்டியே பேசும். அதைக் கேட்காமல் நாரைக் கூட்டைப் பார்ப்பதில் பாதிச் சுவை போய்விடும்.

சரி, கஷ்டமான பக்கத்துக்கு வருகிறேன். குஞ்சுகள் சாகும். கூகை என்ற ஆந்தை முதல் முட்டை இட்டதிலிருந்தே அடைகாக்கத் தொடங்கிவிடுவதால் குஞ்சுகள் இரண்டு மூன்று நாள் இடைவெளியில் பொரிந்து, படிக்கட்டு மாதிரி வெவ்வேறு அளவில் நிற்கும். எலி வரத்து குறைந்தால் கடைசிப் படி பிழைப்பது அரிது. செத்த குஞ்சை மற்றவை தின்பதும் உண்டு. நாரை தன் நலிந்த குஞ்சைத் தானே தூக்கி வெளியே போடும். சிறு புள்ளிக் கழுகில் இரண்டு குஞ்சு பொரித்தால், மூத்தது இளையதைக் கொத்திக் கொல்வதே வழக்கம். இவற்றில் பெரும்பாலும் யாரும் தலையிட மாட்டார்கள். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். மனிதர் மரமேறினால் மற்றக் குஞ்சுகள் பயந்து பறக்கத் தெரியாமலே குதித்துவிடும் ஆபத்து உண்டு. சின்னப் பிள்ளைகளோடு பார்ப்பதாக இருந்தால் கூகைக் கூட்டிலிருந்து தொடங்க வேண்டாம்.

ஜாக்கி, ஷேடோவின் 2024 எனக்கு மிகவும் கனமான வருடம். ஜெஃப்ரி பைன் மரத்தில் ஏறக்குறைய 145 அடி உயரத்தில் மூன்று முட்டைகள், ஒன்றுகூடப் பொரியவில்லை. நாள் கடந்தும் அவை வாரக்கணக்கில் அடைகாத்துக்கொண்டே இருந்தன. அடுத்த பருவத்தில் இட்ட மூன்று முட்டைகளும் 2025 மார்ச்சில் பொரிந்தன. சில நாட்களிலேயே வந்த பனிப்புயலில் ஒரு குஞ்சு இறந்துவிட்டது. மற்ற இரண்டும் சன்னி, கிஸ்மோ என்று பெயர் பெற்று ஜூனில் பறந்தன. முந்தைய வருடம் கூடவே இருந்தவர்களுக்கு அந்த முதல் கீறல் என்னவாக இருந்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மணிக்கூண்டில் கூடு வைத்த வல்லூறுகளையும் சொல்ல வேண்டும். 2022 மார்ச் 31 அன்று கிரினெல் என்ற ஆண் இறந்துவிட்டது. அதன் இணையான ஆனி என்ற பெண் முட்டைகளோடு தனியாக நின்றது. வல்லூறில் ஆண் இரை கொண்டுவராவிட்டால் அடைகாப்பது தொடர முடியாது. ஆனால் சில மணி நேரத்திலேயே வேறொரு ஆண் வந்து சேர்ந்தது; இரை கொண்டுவந்தது, தன்னுடையது அல்லாத முட்டைகளின் மேல் அமர்ந்தது. அந்த ஆண்டும் அங்கே குஞ்சுகள் பொரிந்தன. பறவைகள் இப்படித்தான் நடக்கும் என்று எனக்குள் இருந்த பல முடிவுகளை அந்த நாள் தளர்த்திவிட்டது.

குறைகளும் உண்டு. பறவைகள் இல்லாத காலத்தில்தான் கேமரா பொருத்துவார்கள். நடுப் பருவத்தில் அது பழுதானால் பெரும்பாலும் பறவைகள் போகும்வரை கைவைக்க மாட்டார்கள். நான் தொடர்ந்த ஒரு கூட்டில் குஞ்சுகள் சிறகடித்துப் பழகும் வாரத்தில் படம் நின்றது, திரும்பவே இல்லை. சூரிய மின்சாரத்தில் ஓடும் கேமராக்கள் தொடர் மேகமூட்டத்தில் சோர்ந்துவிடும். முக்கியமான நொடியில் விளம்பரம் குறுக்கே வருவது இன்னொன்று. உரையாடல் பெட்டியில் தன்னார்வலர்கள் இரை வந்த நேரம், ஆள் மாறிய நேரம் எல்லாம் குறித்துவைப்பது மிகவும் பயன்படும். ஆனால் ஒரு குஞ்சு துவண்டு படுத்துவிட்டால் அங்கே எழும் பதற்றத்தைத் தாங்க முடியாது. அந்த நேரங்களில் முழுத்திரைக்குப் போய்விடுவேன்.

முதன்முறை என்றால் மார்ச்சில் ஒரு பெரிக்ரின் வல்லூறுக் கூட்டில் தொடங்குங்கள். கடைசி முட்டைக்கு முந்தைய முட்டையிலிருந்துதான் முழுதாக அடைகாக்கும் என்பதால் குஞ்சுகள் ஏறக்குறைய ஒன்றாகப் பொரியும், உடன்பிறப்புச் சண்டையும் குறைவு. 6 வார வாக்கில் பறந்துவிடும். அது பழகிய பிறகு, அடுத்த ஜனவரியில் கழுகுக்குப் போகலாம்.