பாறசாலை கண் கிளினிக்: மாக்குலா என்றால் என்னவென்று உட்கார்ந்து சொன்ன இடம்

பேப்பர் படிக்கும்போது வரி நடுவில் வளைகிறது என்று அம்மா இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். களியக்காவிளைப் பக்கம் முதலில் போன ஒரு கண்ணாடிக் கடையில் பவர் மாறியிருக்கிறது என்று புதுக் கண்ணாடி போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வளைவு அப்படியே இருந்தது. அப்புறம்தான் கேரள எல்லை தாண்டிப் பாறசாலையில், ஒரு மாடியில் இருக்கும் இந்தச் சின்னக் கிளினிக்குக்குப் போனோம்.

சொட்டு மருந்து விட்டு, விழித்திரையைப் படம் எடுத்து, சீட்டில் மாக்குலா என்று எழுதித் தந்தார்கள். அம்மாவுக்கு முகமே மாறிவிட்டது. இம்மாக்குலேட் என்றால் மாசில்லாதவர் என்று சின்ன வயசிலிருந்து கோயிலில் கேட்டு வளர்ந்தவர், ஒவ்வொரு டிசம்பர் 8-ம் தேதியும் அமலோற்பவ மாதா திருநாளுக்குத் தவறாமல் போகிறவர். "அப்போ எனக்குக் கண்ணுல மாசு வந்திட்டா மக்களே?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

நான் ஜியாலஜி படித்தவன். மாக்குலோஸ் என்று பாறைகளுக்கு ஒரு சொல் படித்திருக்கிறேன். கொதிக்கும் பாறைக்குழம்பு பக்கத்தில் ஊடுருவும்போது களிப்பாறை வெந்து, உள்ளே கார்டியரைட், ஆண்டலுசைட் மாதிரிக் கனிமங்கள் வளர்ந்து புள்ளி புள்ளியாகத் தெரியும், அந்தத் தோற்றத்துக்குத்தான் அந்தப் பெயர். ஆனால் அந்த நேரத்தில் அது எதுவும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

சோதனை செய்த பெண்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பேடிக்கண்டா அம்மே" (பயப்பட வேண்டாம் அம்மா) என்று தொடங்கி, பாதி மலையாளம் பாதி தமிழில் சொன்னார். மாக்குலா என்பது வியாதி இல்லை, எல்லார் கண்ணிலும் இருக்கும் ஓர் இடத்தின் பெயர். லத்தீனில் புள்ளி, கறை என்று அர்த்தம். விழித்திரையின் நடுவில் 5 மில்லிமீட்டர் சொச்சம் அகலத்தில் மஞ்சளாக இருக்கும். கீரையிலிருந்து கிடைக்கும் லூட்டின் போன்ற நிறமிகள் சேர்ந்த மஞ்சள் அது. எழுத்து படிப்பதும் முகம் அடையாளம் காண்பதும் அதை வைத்துத்தான். அம்மாவுக்கு அந்த இடம் வயதால் தேயத் தொடங்கியிருக்கிறது, ஆரம்ப நிலை, அவ்வளவுதான். மாதாவைப் பற்றிய சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான், ஆனால் அங்கே கறை என்றால் பாவம் என்றார். அமலோற்பவம் என்ற நம் சொல்லிலும் மலம் என்றால் அதேதான் என்பது அம்மாவுக்கு உடனே பிடிபட்டது. (பலர் நினைப்பதுபோல அது இயேசு பிறந்ததைப் பற்றியது இல்லை. மரியாளே ஜென்மப் பாவமில்லாமல் கருவானார் என்ற போதனை. 1854-ல் போப் ஒன்பதாம் பத்திநாதர் (பயஸ்) அதை விசுவாசக் கோட்பாடாக அறிவித்தார்.)

குறை என்றால், காத்திருப்பு. டோக்கன் வாங்கியும் இரண்டரை மணி நேரம் உட்கார வேண்டியிருந்தது, போர்டு எல்லாம் மலையாளத்தில் மட்டும், சீட்டு முழுக்க ஆங்கிலம். மலையாளம் எழுத்துக்கூட்டத் தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும், பைக்கில் போக வேண்டாம்.

கையோடு ஆம்ஸ்லர் கட்டம் (குறுக்கும் நெடுக்குமாகக் கோடு, நடுவில் ஒரு புள்ளி) அச்சிட்ட அட்டை ஒன்றை இலவசமாகத் தந்தார்கள். படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணை மூடி நடுப்புள்ளியைப் பார்க்க வேண்டும், அப்புறம் அடுத்த கண். கோடு திடீரென்று கூடுதலாக வளைந்தாலோ நடுவில் கறுத்தாலோ அன்றைக்கே வரச் சொல்லியிருக்கிறார்கள், விழித்திரைக்கு அடியில் நீர் கோக்கும் வகையாக மாறினால் கண்ணில் போடும் ஊசியைத் தாமதிக்கக் கூடாதாம். அட்டை இப்போது பிரிட்ஜ் கதவில் இருக்கிறது. காலையில் ஜெபம் முடிந்ததும் அம்மா நேராக அதன் முன்னால்தான் போய் நிற்கிறார்.