காரைக்குடியில் விற்கும் ‘குருவி செட்’: எதை வாங்கலாம், எதை விடலாம்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் செல்லப்பிராணிக் கடைகளிலும் நர்சரிகளிலும் இப்போது ‘குருவி செட்’ என்று ஒன்று கிடைக்கிறது. ஒரு மரக்கூடு, தொங்கவிடும் பிளாஸ்டிக் தீவனக் குழாய், ஒரு கிலோ தானியக் கலவை, தண்ணீர் வைக்க ஒரு மண் தட்டு, எல்லாம் சேர்த்து ஓர் அட்டைப்பெட்டியில். மார்ச் 20, சிட்டுக்குருவி நாள் நெருங்கினால் வாங்குவோர் கூடுவார்கள். நல்ல மனதோடு வாங்குகிறார்கள். அந்தக் காசு குருவிக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே இந்த மதிப்பீடு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மண் தட்டை யோசிக்காமல் வாங்கலாம். கூட்டை வாங்கலாம், ஆனால் அப்படியே மாட்டக்கூடாது. குழாயும் தானியப் பொட்டலமும் வேண்டாம். தனித்தனியாகத் தரும் கடையில் கூட்டையும் தட்டையும் மட்டும் கேட்டு வாங்குங்கள்.

தானியத்தில் தொடங்கலாம். பொட்டலத்தைப் பிரித்து ஒரு கை அள்ளி வெள்ளைத் தாளில் பரப்பிப் பாருங்கள். அரிசி நொய், உடைத்த மக்காச்சோளம், கொஞ்சம் கம்பு, கொஞ்சம் தினை, பார்வைக்கு நாலு சூரியகாந்தி விதை. குருவி கம்பையும் தினையையும் பொறுக்கிக்கொண்டு மற்றதை அலகால் தள்ளிவிடும். மக்காச்சோளத் துண்டு அதன் அலகுக்குப் பெரிது. தள்ளியது தரைக்கு வரும். தரையில் கிடப்பதைத் தின்னப் பகலில் மாடப்புறாவும் இரவில் எலியும் வரும். பத்து நாளில் மாடி முழுக்கப் புறா எச்சம்; “குருவிக்குத்தான் வைத்தேன், ஒரு குருவிகூட வரவில்லை” என்ற புலம்பல் இப்படித்தான் வருகிறது. பொட்டலத்துக்குக் கொடுக்கும் காசுக்கு மளிகைக் கடையில் நல்ல கம்பு வாங்கினால் அளவும் கூட, கழிவும் இல்லை.

ஆனால் கம்பே வைத்தாலும் பாதி வேலைதான் ஆகும். ஊருக்குள் வாழும் குருவிக்குப் பஞ்சம் தானியத்தில் இல்லை. கடைவீதியில் சிந்துவதே பெரிய குருவிக்குப் போதும். பட்டினி கிடப்பது குஞ்சு. முட்டையிலிருந்து வெளிவரும்போது அது இரண்டு கிராம்தான் இருக்கும். ஏறத்தாழ பதினைந்து நாளில் இருபது கிராமைத் தாண்டி, இறகு முளைத்து, கூட்டைவிட்டுப் பறக்க வேண்டும். அந்த வளர்ச்சிக்கு வேண்டிய புரதம் அரிசியில் இல்லை. நூறு கிராமில் ஏழு கிராம் அளவுதான். அதனால்தான் தானியம் தின்னும் தாய்க்குருவியும் முதல் வாரத்தில் குஞ்சுக்குப் புழுவும் செடிச்சாறு உறிஞ்சும் அசுவினியும் சிறு பூச்சியும் தேடிக் கொண்டுவருகிறது. அது கிடைக்காத தெருவில் கூடு இருக்கும், முட்டை இருக்கும், குஞ்சு தேறாது. தேறினாலும் சவலையாகத்தான் வளரும்.

ஹங்கேரியில் 2008இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. நகர நடுவில் வாழும் சிட்டுக்குருவிகள் கிராமத்துக் குருவிகளைவிட எடையிலும் கால் எலும்பின் நீளத்திலும் சிறுத்திருந்தன. கூண்டில் வைத்து வயிறாரத் தீனி கொடுத்தும் அந்த வித்தியாசம் மறையவில்லை. குஞ்சுப் பருவத்தில் விட்டுப்போனதைப் பின்னால் எத்தனை படி தானியம் கொட்டினாலும் ஈடுகட்ட முடியாது என்றுதான் இதைப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அதே நாட்டில் பட்டாணிக்குருவி என்ற வேறொரு சிறு பறவையிடம் பிறகு செய்த ஆய்வில், நகரத்துக் கூடுகளுக்குப் புழு கொடுத்ததும் குஞ்சுகள் நன்றாகத் தேறின. காட்டுக் கூடுகளுக்குக் கொடுத்தபோது பெரிய மாற்றம் இல்லை, அங்கே ஏற்கெனவே புழு இருந்தது. லண்டன் புறநகரில் சிட்டுக்குருவிகளுக்குப் புழு வைத்தபோது பறக்கும் குஞ்சுகள் கூடின. கூடு கட்டும் ஜோடிகள் மட்டும் அதே அளவுக்குக் கூடவில்லை. ஆகவே தீனி ஒன்றே எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நம்பி இறங்கவும் வேண்டாம்.

செட்டிநாட்டு வீட்டுக்கு இது எப்படிப் பொருந்துகிறது என்று பாருங்கள். முற்றத்தில் நெல் காய்ந்தது, தாழ்வாரத்தில் சுளகால் புடைத்தார்கள், வாசலில் அரிசிமாவுக் கோலம், பின்கட்டில் அவரைப் பந்தல், மாட்டுத் தொழுவம். தானியமும் பூச்சியும் ஒரே கூரையின்கீழ் கிடைத்தன. இன்று அரிசி பையில் வருகிறது, கோலம் கல்மாவில், முற்றத்துக்கு மேலே கம்பி வலையோ ஃபைபர் தகடோ, பின்கட்டுச் செம்மண்ணில் பேவர் பிளாக். பேவர் பிளாக் போட்ட இடத்தில் புல் இல்லை, புல் இல்லாத இடத்தில் புழு இல்லை. 2020இல் வந்த இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை, சிட்டுக்குருவி நாடு முழுக்கப் பார்த்தால் நிலையாக இருப்பதாகவும் பெருநகரங்களில்தான் குறைந்துவருவதாகவும் சொன்னது. காரைக்குடி இன்னும் பெருநகரம் ஆகிவிடவில்லை. கழனிவாசலிலும் கோட்டையூரிலும் திறந்த மண் மிச்சம் இருக்கிறது. இப்போது செய்வதற்குப் பலன் உண்டு.

அதனால் பொட்டலத்துக்குப் பதிலாக மூன்று காரியம். முதலாவது, தட்டாம்பயறு. பத்து ரூபாய் விதையை ஒரு பெரிய தொட்டியிலோ வேலியோரத்திலோ ஊன்றுங்கள். பூக்கும் பருவத்தில் கொழுந்திலும் காம்பிலும் கறுப்பு அசுவினி மொய்க்கும். மருந்து அடிக்காதீர்கள், வேப்பெண்ணெய்கூட வேண்டாம். அந்த அசுவினிதான் குஞ்சுக்கு முதல் சில நாள் உணவு. காய் குறையும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். அவரையும் இதே வேலையைச் செய்யும்.

இரண்டாவது, கறையான். கோழிக்குஞ்சுக்குக் கறையான் பிடிக்கும் பழைய முறை நம் கிராமங்களில் எல்லோருக்கும் தெரியும், அதுவே குருவிக்கும் ஆகும். வாயகன்ற பழைய மண்பானை ஒன்று. உள்ளே கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, கொஞ்சம் வைக்கோல் ஆகியவற்றைத் திணித்து, தண்ணீர் தெளித்து நனைக்க வேண்டும். சொட்டக்கூடாது, கையில் ஈரம் ஒட்டினால் போதும். மாலையில் கறையான் ஓடும் மண்ணில் பானையைக் கவிழ்த்து வையுங்கள். விடிந்ததும் வெயில் ஏறுமுன் எடுத்துத் தட்டில் உதறினால் ஒரு பிடி கிடைக்கும். தாமதித்தால் கறையான் மண்ணுக்குள் இறங்கிவிடும், அல்லது எறும்பு முந்திக்கொள்ளும். தட்டு வைத்த முக்காலியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. பானையை வீட்டுச் சுவரிலிருந்து தள்ளித் தோட்டக் கடைசியில் வையுங்கள். பர்மாத் தேக்குத் தூண் இருக்கும் வீட்டில் கறையானைக் கிட்டே அழைப்பது ஆபத்து.

மூன்றாவது, சுண்ணாம்புச்சத்து. அரிசியில் நூறு கிராமுக்குப் பத்து மில்லிகிராம் அளவுதான் இருக்கிறது. கேழ்வரகில் சுமார் முந்நூற்று நாற்பது. எனவே கம்போடு கால் பங்கு கேழ்வரகு கலப்பது நல்லது. முட்டையிடும் பெட்டைக்கு அதுவும் போதாது. அவித்த முட்டையின் ஓட்டை வெயிலில் காயவைத்து, கடுகு அளவுக்கு நொறுக்கி, தனிக் கிண்ணத்தில் ஒரு தேக்கரண்டி வைத்தால் எடுத்துக்கொள்ளும். பச்சை முட்டை ஓடானால் பத்து நிமிடம் கொதிக்கவைத்த பிறகே காயவையுங்கள், நோய்க்கிருமி போக வேண்டும். வெற்றிலைச் சுண்ணாம்பை ஒருநாளும் வைக்கக்கூடாது, வாய் வெந்துபோகும். பழைய வீட்டுச் சுண்ணாம்புச் சுவரைக் குருவி கொத்துவதைப் பார்த்திருப்பீர்கள். இரைப்பையில் தானியத்தை அரைக்க வேண்டிய மணலும், சுண்ணாம்பும் அதற்கு அங்கே கிடைக்கிறது. சிமென்ட் பூசி பெயின்ட் அடித்த சுவரில் அது கிடைக்காது.

உங்கள் தெருக் குருவி எப்படி வளர்ந்தது என்று தெரிந்துகொள்ள அதைப் பிடிக்க வேண்டியதில்லை. உதிர்ந்த வால் இறகோ சிறகு இறகோ கிடைத்தால் வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். குறுக்கே, தலைமுடி அகலத்தில், வெளிறிக் கண்ணாடிபோல் தெரியும் கோடுகள் இருந்தால், அந்த இறகு முளைத்த நாட்களில் அதற்கு இரை போதவில்லை, அல்லது வேறு கடும் தொல்லை இருந்திருக்கிறது. இறகு அந்தக் கோட்டில்தான் முதலில் ஒடியும்.

தீவனக் குழாய்க்கு வருவோம். இங்கே அடிக்கும் வெயிலில் மலிவான பிளாஸ்டிக் ஒரே கோடையில் மஞ்சளாகி விரிசல் விடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதைவிட மோசம். அடியில் வடிகால் துளை இல்லாததால் கீழ் இரண்டு அங்குலத் தானியம் நனைந்து கட்டியாகிப் பூசணம் பிடிக்கும். மேலே காய்ந்த கம்பு தெரிவதால் யாரும் கவனிப்பதில்லை, மேலும் மேலும் கொட்டுகிறார்கள். பூசணம் பிடித்த தானியம், அதிலும் கடலை, பறவையின் ஈரலைக் கெடுக்கும் நஞ்சை உண்டாக்கும். பல குருவிகள் ஒரே துளையில் அலகை விடுவதால் எச்சிலும் எச்சமும் கலந்து நோய் பரவும். பிரிட்டனில் 2005க்குப் பிறகு கிரீன்ஃபிஞ்ச் என்ற பறவையை டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி பெருமளவில் அழித்தபோது, தோட்டத் தீவனத் தட்டுகளும் அது பரவும் இடங்களாக இருந்தன.

ஏற்கெனவே குழாயை வாங்கிவிட்டவர்கள் அடியில் நாலைந்து சிறு துளை போடுங்கள். வாரம் ஒருமுறை கழற்றி, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவைத்து, நன்றாக அலசி, முழுக்கக் காய்ந்த பிறகே நிரப்புங்கள். ஒரு குருவி நாளொன்றுக்கு ஐந்தாறு கிராம் தானியம்தான் தின்னும். இருபது குருவி வந்தாலும் காலையில் ஒரு கைப்பிடி போதும். பத்து மணிக்குள் தீராவிட்டால் மறுநாள் குறையுங்கள். புறாத் தொல்லை இருந்தால் நான்கு செ.மீ. கண்ணுள்ள கம்பி வலைக்குள் தட்டை வையுங்கள். குருவி நுழையும், புறாவும் மைனாவும் நுழையாது.

கூட்டைப் பொறுத்தவரை மரம் பரவாயில்லை, வேலைப்பாடும் சுமார். குறை துளையில். ஐந்து செ.மீ. அகலத்தில் துளை போட்டு, அதற்கடியில் ஒரு குச்சியும் வைத்திருக்கிறார்கள். சிட்டுக்குருவிக்கு 32 மி.மீ. போதும். ஐந்து செ.மீ. துளையில் மைனா குடியேறும், அணில் முட்டையை எடுக்கும், குச்சியில் உட்கார்ந்து காக்கை குஞ்சை இழுக்கும். குச்சியை அறுத்துவிடுங்கள், குருவிக்கு அது தேவையே இல்லை. 32 மி.மீ. துளையிட்ட ஒரு பலகைத் துண்டைப் பெரிய துளையின்மேல் திருகி மூடுங்கள். தச்சரிடம் கொடுத்தால் அரைமணி வேலை. உள்பக்கம் வார்னிஷ் வாடை அடித்தால் ஒரு மாதம் காற்றாட வையுங்கள். கயிற்றில் தொங்கவிடவும் வேண்டாம், ஆடும் கூட்டில் குருவி தங்காது. தாழ்வார ஓட்டுக்குக் கீழே, எட்டு முதல் பத்தடி உயரத்தில், மேற்கு வெயில் படாத சுவரில் திருகாணியால் இறுக்குங்கள். கூடத்து மின்விசிறியின் பாதையில் மட்டும் கூடாது. குருவி கூட்டமாக வாழும் பறவை என்பதால் ஒன்றைவிட, மூன்று நான்கு கூடுகளை ஒரு மீட்டர் இடைவெளியில் வைத்தால் வரும் வாய்ப்பு அதிகம்.

காக்கைக்குச் சோறு வைக்கும் வழக்கம் நல்ல வழக்கம். வெறுஞ்சோறு, பருப்பு, அவித்த முட்டை என்றால் குறையே இல்லை. மிஞ்சிய முறுக்கும் சீடையும் வேண்டாம், அந்த உப்பு சின்ன உடம்புக்குத் தாங்காது. அமெரிக்காவில் நகரத்துக் காக்கைக் குஞ்சுகளின் ரத்தத்தில் கொழுப்பு கூடியிருப்பதை 2019இல் கண்டார்கள். கிராமத்துக் குஞ்சுகளுக்குச் சீஸ் பர்கர் கொடுத்துப் பார்த்தபோது அவற்றுக்கும் கூடியது.

கடைசியாக மண் தட்டு. செட்டில் உள்ளவற்றில் குறை சொல்ல முடியாத பொருள் இதுதான். மானாமதுரை மண் தட்டானால் இன்னும் நல்லது; சுட்ட மண்ணில் நீர் கசிந்து ஆவியாவதால் சித்திரை வெயிலிலும் தண்ணீர் கொதிக்காது. ஆழம் மூன்று, நான்கு செ.மீ.க்கு மேல் வேண்டாம். ஆழமான தட்டுதான் இருக்கிறதென்றால் நடுவில் ஒரு சொரசொரப்பான கல்லை வையுங்கள், வழுக்கி விழுந்த குருவி ஏறிக்கொள்ளும். நிழலில் வையுங்கள், ஆனால் பூனை பதுங்கும் புதர் ஆறடிக்குள் இருக்கக்கூடாது. தண்ணீரை தினமும் கொட்டி மாற்ற வேண்டும். வாரம் இருமுறை தேங்காய் நாரால் விளிம்பை அழுத்தித் தேயுங்கள், கொசு முட்டை ஒட்டியிருப்பது அங்கேதான்.