லாடம் தொலைந்த வாரத்தில் எழுதுவது: மைதான லாயமா, பண்ணையா?

வண்டி பூட்டி ஓட்டும் பந்தயத்துக்கு முதல் குதிரை வாங்கப்போகும் நண்பர் ஒருவர் கேட்டார், பந்தய மைதானத்து லாயத்திலேயே வைத்துப் பழக்குவதா, வெளியே பண்ணையில் விட்டுப் பழக்குவதா, நீங்கள் இரண்டையும் பார்த்தவராயிற்றே என்று. நியாயமான கேள்விதான், கேட்ட நேரம்தான் சரியில்லை. அன்று காலையில்தான் என் குதிரை முன்னங்கால் லாடத்தைச் சேற்றில் விட்டுவிட்டு ஒன்றும் தெரியாத முகத்தோடு வந்து நின்றாள். பந்தயத்துக்கு மூன்று நாள்.

மூன்று வருடம் மைதானத்தில் இருந்தாள், இப்போது இரண்டு வருடமாகப் பண்ணையில். பண்ணைக்குச் சேர வேண்டிய நல்ல பெயரை முதலில் கொடுத்துவிடுகிறேன், அப்புறம் திட்டுகிறேன்.

மைதானத்தில் இவளுக்குக் கிடைத்தது 12-க்கு 12 அடிக் கொட்டடி. வண்டி பூட்டி ஓட்டும் நேரம், கழுவி நடத்தும் நேரம் போக மிச்சம் 22 மணி நேரமும் அதற்குள்தான். இரண்டாவது வருடத்தில் கதவருகே நின்று தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்ட ஆரம்பித்தாள், தீனியை மிச்சம் வைத்தாள். டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து வயிற்றில் புண் என்றார். குதிரைக்குத் தின்றாலும் தின்னாவிட்டாலும் வயிற்றில் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். அவிழ்த்து விட்டால் நாளில் பாதிக்கு மேல் மேய்ந்தே கழிக்கிற பிராணிக்கு வேளைக்கு வேளை தானியத்தைக் கொட்டிவிட்டு நடுவில் பட்டினி போட்டால் வேறென்ன ஆகும். மருந்து கொடுத்தோம், ஆறியது. நிறுத்தினோம், திரும்ப வந்தது. பண்ணைக்கு வந்து நாலு மாதத்தில் அந்தப் பேச்சே இல்லை. இருமலும் நின்றது. தலையைத் தாழ்த்தி மேயும்போது மூச்சுக்குழாயில் இருக்கும் சளி தானாக வடிந்துவிடும், அதையே காய்ந்த புல்லை வலையில் கட்டி மூக்குக்கு நேரே தொங்கவிட்டால் தூசியெல்லாம் உள்ளே போகிறது. தலையாட்டம் மட்டும் முழுதாகப் போகவில்லை, ஒட்டிக்கொண்டால் லேசில் விடாது.

ஓட்டமும் மாறியது. அரை மைல் மைதானத்தில் ஒரு மைல் ஓடினால் நாலு வளைவு, பந்தயத்தில் எப்போதும் ஒரே பக்கமாகத் திரும்புவது, எந்தக் கால் அதிகம் வாங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மெதுவோட்டத்தை எதிர்த்திசையில் ஓட்டி ஈடுகட்டப் பார்ப்போம், பாதிதான் ஈடாகும். பண்ணையில் நீளமான மணல் பாதை, நேராகப் போகிறது. வேகம் குறைவாக இருந்தாலும் மணலில் இழுக்கும்போது நெஞ்சுக்கு வேலை கிடைக்கிறது, மூட்டுக்கு அடி குறைகிறது. பிரெஞ்சுக்காரர்கள் பாரிசின் வென்சென் மைதானத்தில் ஓட்டும் குதிரைகளுக்காக, ஊருக்கு வெளியே குரோபுவா என்ற பெரிய எஸ்டேட்டை 1962-லேயே வாங்கி, லாயமும் காட்டுப்பாதையும் ஓடுதளமும் சேர்ந்த பயிற்சி நிலையமாக ஆக்கினார்கள். விவரம் தெரிந்தவர்கள்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய சந்தோஷம், இவள் வெயிலில் பக்கவாட்டில் படுத்துத் தூங்குவது. முதல் தடவை பார்த்தபோது செத்துவிட்டாள் என்று நினைத்து ஓடினேன்.

சரி, லாடம்.

இரண்டு வருடத்தில் இது நாலாவது. மழை பெய்திருக்கும், வேலிக்கு அந்தப் பக்கம் இன்னொரு குதிரை ஓடும், இவளும் போட்டிக்கு ஓடுவாள், பின்கால் முன்காலின் குதிகாலை மிதிக்கும், சேறு பிடித்துக்கொள்ளும், லாடம் குளம்பின் ஓரத்தில் ஒரு துண்டையும் பெயர்த்துக்கொண்டு போய்விடும். குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்கூட வளராது. அதாவது ஆணி அடிக்க இடமே இல்லாமல் மாதக்கணக்கில் பசை போட்டு ஒட்டிக் காலம் தள்ள வேண்டும். போதாததற்கு இவள் டிராட்டர், அதாவது பாயாமல் ஒரே நடையில் ஓட வேண்டிய குதிரை. ஒரு பக்கத்து முன்காலும் மறுபக்கத்துப் பின்காலும் ஒத்துப் போக வேண்டும், முன்கால் லாடத்தின் எடை கொஞ்சம் மாறினாலும் கால் தூக்கும் உயரம் மாறும், ஒத்திசைவு கெட்டு நாலுகால் பாய்ச்சலுக்குத் தாவிவிடுவாள், அப்புறம் இழுத்துப் பிடித்துப் பழைய நடைக்குக் கொண்டுவருவதற்குள் பந்தயம் போய்விடும். ஒரே பக்கத்து முன்காலும் பின்காலும் சேர்ந்து போகும் பேசர் என்றால் காலில் வார் கட்டியிருக்கும், ஓரளவு தாங்கும்.

சுவீடனில் லாடமே இல்லாமல் ஓட்டுகிறார்களே என்று யாராவது கிளம்புவீர்கள். ஓட்டுகிறார்கள்தான். மற்ற நாளெல்லாம் லாடம் கட்டிப் பாதுகாத்த பாதத்தைப் பந்தயத்துக்கென்று கழற்றுகிறார்கள், குளிர்காலத்தில் அதற்கும் தடை. சேற்றில் பிய்ந்துபோன குளம்பு வேறு கதை.

முன்குளம்புக்கு ரப்பர் உறை போட்டுப் பார்த்தேன். உள்ளே மண் புகுந்து தோலை உரித்தது. பந்தயத்துக்கு முந்தைய வாரம் வெளியே விடாதீர்கள் என்கிறார் பயிற்சியாளர். அப்படி அடைத்து வைப்பதற்கா பண்ணைக்கு வந்தேன்?

மைதானத்தில் மூன்று வருடத்தில் கழன்றது ஒரே ஒரு லாடம், அதுவும் ஓட்டும்போது. லாடம் கட்டுபவர் அடுத்த வரிசையில் வேலையில் இருந்தார், அரை மணி நேரத்தில் கட்டிவிட்டார், அன்றைய ஓட்டமே தவறவில்லை. இங்கே அவர் வருவதற்கு நாள் குறிக்க வேண்டும். பந்தய இரவில் அங்கே கொட்டடியிலிருந்து நடத்திக்கொண்டு போனால் போதும், இங்கே லாரி, லாரியில் ஏற மறுப்பது, போன இடத்துத் தண்ணீரை முகர்ந்துவிட்டுக் குடிக்காமல் நிற்பது. ஆறு மாதம் பந்தயம் இல்லாமல் இருந்துவிட்டுப் போனபோது விளக்குகளைப் பார்த்தே மிரண்டாள்.

ஆனால் அதே மைதானத்தில்தான் பக்கத்து லாயத்தில் ஒரு குதிரைக்குக் காய்ச்சல் வந்து எல்லாருக்கும் வாரக்கணக்கில் கதவடைத்தார்கள். என் குதிரைக்கு ஒன்றுமில்லை, ஆனாலும் வெளியே விடவில்லை. ஓடுதளம் அவர்கள் திறக்கும் நேரத்துக்குத்தான், பந்தய நாளில் அதற்கும் முன்பே மூடிவிடுவார்கள். இனி இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று அன்று நானேதான் சொன்னேன்.

நண்பருக்கு என்ன பதில் சொன்னேன்? மைதானத்திலேயே வையுங்கள் என்றேன். "அப்படியானால் உங்கள் குதிரையையும் திரும்பக் கொண்டுபோகிறீர்களா?" என்றார். இல்லை என்றேன். ஏன் என்று கேட்டார், எனக்கு வேலை இருக்கிறது என்று போனை வைத்துவிட்டேன்.

பந்தயத்திலிருந்து பெயரை எடுத்தாயிற்று. லாடத்தைத் தேடாமலும் விட முடியாது, ஆணி மேல்பக்கமாகக் கிடந்தால் இன்னொரு குதிரை மிதித்துவிடும். அதற்கென்றே உலோகம் தேடும் கருவி ஒன்று வாங்கி, புதையல் தேடுகிறவன் மாதிரி புல்வெளியில் அலைகிறேன். நேற்று தண்ணீர்த் தொட்டியருகே கத்தியது. தோண்டினால் போன வருடம் தொலைந்த லாடம். இந்த வாரத்து லாடம் இன்னும் சேற்றில்தான் இருக்கிறது.