டெல்லி டீசல் இன்னோவா: மலிவுதானா?

டெல்லியில் 10 ஆண்டு தாண்டிய டீசல் கார் ஓடக்கூடாது என்று தடை வந்தது; 2025-இல் உச்ச நீதிமன்றம் அதை ஓரளவு தளர்த்தியது. அந்தத் தடையால் பழைய 2.5 லிட்டர் இன்னோவா அங்கே விலை இறங்கியது. ஆனால் தமிழ்நாட்டுப் பதிவெண் வாங்க, வண்டியின் வயதுக்கேற்ப ஆயுள் வரியை மறுபடி கட்ட வேண்டும். வண்டியைக் கொண்டுவரும் லாரிக் கூலி, புரோக்கர் கமிஷன் தனி.

படிவம் 28-இல் டெல்லி ஆர்.டி.ஓ. தரும் தடையில்லாச் சான்று கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். கடன் பாக்கி இருந்தால் வங்கிக் கடிதத்தோடு படிவம் 35 (ஆர்.சி.யில் கடன் பதிவை நீக்குவது) முதலில் முடியட்டும்.

இன்ஜின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து பாருங்கள். உதறலும் வெள்ளைப் புகையும் இருந்தால் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் மேல் சந்தேகம் வைக்கலாம், இந்த இன்ஜினில் அவை நான்கு. டைமிங் பெல்ட் மாற்றிய பில் இல்லையா? வந்தவுடன் மாற்றிவிடுங்கள், அறுந்தால் வால்வு வளையும். மீட்டர் காட்டும் கிலோமீட்டரை நம்பவே வேண்டாம், சர்வீஸ் பதிவைக் கேளுங்கள். விலை வித்தியாசம் ஒரு லட்சத்துக்குள் என்றால் உள்ளூர் வண்டியே மேல்.